தேசிங்கும் பிசிராந்தையாரும்

கீழ்பென்னாத்தூரினின்று கிழக்கு நோக்கிச் செல்லும் பெருவழி செஞ்சியைச் சென்று சேரும். ஆதலின், எம்மூர்ச் சிறார்க்குப் பாரியும் காரியும் பாடப்புத்தகத்தில் வருமுன்னரே தேசிங்குராசன் பழக்கமாகிவிடுகின்றான்.

கோப்பெருஞ்சோழனது நட்பைப்பற்றி யான் எழுதிய கட்டுரையொன்றில் அத்தேசிங்கையும் அவன் தோழன் மகமத்கானையும் எடுத்துக்காட்டியிருந்தேன். நாட்டுப்பாடல் வீரனுக்குப் புறநானூற்றின் அருகே இடமேது என்று ஆசிரியர் வினவுவாரென அஞ்சினேன். அவரோ ஓரத்தில், "எங்கே ஒக்கும்? எங்கே ஒவ்வாது?" என்று மட்டும் குறித்திருந்தார். அவ்வினாவே இவ்வியாசத்திற்குக் காரணம்.

ஒப்பது எளிதிற் புலனாம். மகமத்கான் மணக்கோலத்தில் இருக்கையிற் போர்ச்செய்தி வருகின்றது. அவன் மணவினையை விட்டெழுந்து, நீலவேணி என்னும் குதிரையேறிக் களம்புகுந்து மாள்கின்றான். தேசிங்கு தன் வாளை மேலெறிந்து மார்பில் ஏற்று உயிர்விடுகின்றான். கதைப்பாடல் கூறுவது இது. பிசிராந்தையாரும் நண்பன்பொருட்டு உயிர்நீத்தவரே அன்றோ?

ஆயின், ஆந்தையார் சோழனை முன்னர்க் கண்டவரல்லர். கேள்வியால் விளைந்த நட்பு அது. தேசிங்கின் நட்போ உடன்வளர்ந்து உடன்பொருத நட்பு. அன்றியும், சோழன் மக்களொடு மாறுபட்டு வடக்கிருந்தான். புலவர் அவன்பின் சென்றார். செஞ்சியிலோ தோழன் முன்செல்ல, அரசன் பின்செல்கின்றான். இம்முறைமாற்றம் சிறிதன்று. வேந்தனையும் துணைவனையும் நிகராக்கிக் காண்பது நாட்டுப்பாடலின் உள்ளம். அதனை ஆந்தையார்மேல் ஏற்றிவிட்டாற் புறப்பாட்டின் பொருள் திரியும்.

மற்றொன்றும் உண்டு. வரலாற்றில் அவன் தேஜ்சிங் என்னும் பொந்தில இராசபுத்திரன். ஆற்காட்டு நவாபு சாதத்துல்லாகானை எதிர்த்து 1714இற் களத்திற் பட்டவன். வாளை மார்பில் ஏற்றவன் பாடலின் தேசிங்கே. எடுத்துக்காட்டுவோர் இருவருள் எவனைச் சுட்டுகின்றனர் என்பதைத் தெளிவுறுத்தல் வேண்டும்.

பேராசிரியர் கைலாசபதி 1968இல் வெளியிட்ட ஆங்கில ஆராய்ச்சி, சங்கச் செய்யுட்களைக் கிரேக்க வீரப்பாடல்களொடு வைத்து நோக்கிற்று. அக்கிலீசு கடல்கடந்து வந்து நம் புலவர்க்குத் துணைநிற்கலாமெனின், ஒரு பகல் நடைத்தொலைவில் உள்ளவன் வாயிலில் நிற்பானேன்?

கட்டுரையினின்று தேசிங்கை யான் நீக்கவில்லை. "போல" என்று எழுதியிருந்த இடத்தில் "போலாது" என்று திருத்தி, அதற்குரிய காரணத்தை நான்கு வரியிற் சேர்த்தேன்.