நிற்கும் காரில் கரையும் மின்சாரம்

 

குடும்பத் தலைவர் வளைகுடா நாடொன்றில் உழைத்துக்கொண்டிருக்க, அவர் ஆசையாய் வாங்கி நிறுத்திவிட்டுப் போன கார் வீட்டு வாசலில் உறையிட்டு நிற்கும் இல்லங்கள் நம் சமுதாயத்தில் ஏராளம். ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ புறப்படும் பெற்றோர் தம் காரைப் பூட்டிவிட்டுச் சாவியை மருமகளிடம் ஒப்படைத்துச் செல்வதும் வழக்கமே. நின்றுகொண்டிருக்கும் வாகனத்துக்கு என்ன நேர்ந்துவிடப் போகிறது என்றுதான் எவரும் நினைப்பர். நள்ளிரவில் ஒரு குழந்தைக்கு மூச்சிரைப்புக் கண்டு, அவசரமாய்ப் புறப்பட வேண்டிய வேளையில் கதவுகூடத் திறவாமல் கார் மௌனம் சாதிக்கும்போதுதான், நின்ற இடத்திலேயே அது தன் ஆற்றலை இழந்துவிட்ட செய்தி நமக்குத் தெரியவருகிறது.

திருத்தணி போன்ற ஊரில் வாழ்வோருக்கு இது சிறு தொல்லையன்று. ஆந்திர எல்லையை ஒட்டிய இம்மலையடிவார ஊரிலிருந்து பெரிய மருத்துவமனைகளை நாடிச் சென்னைக்குப் போவதானால் ஏறத்தாழ 85 கிலோமீட்டர். திருப்பதிக்குப் போவதானால் ஏறத்தாழ 65 கிலோமீட்டர். இந்தத் தொலைவை நம்பித்தானே பலர் கார் வாங்குகின்றனர்? ஆடிக்கிருத்திகை போன்ற விழா நாட்களில் காவடி எடுத்து வரும் சகோதர சமயத்தாரின் பெருங்கூட்டத்தால் சாலைகள் நிறைந்துவிட, கார்கள் நாட்கணக்கில் வாசலை விட்டு நகராமல் நிற்பதும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாகக் கோடை வெயில். தமிழகத்தில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் ஊர்களின் பட்டியலில் திருத்தணி ஆண்டுதோறும் இடம்பெறுகிறது. அந்த வெயில் பேட்டரிக்குப் பெரும் பகையாகும்.

இரண்டு பேட்டரிகள்

1997-ஆம் ஆண்டு ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ் காரிலிருந்து, 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் அறிமுகமான மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர், ஹோண்டா சிட்டி ஹைபிரிட், இன்னோவா ஹைகிராஸ் ஆகியவை வரை, முழு ஹைபிரிட் கார்கள் அனைத்திலும் இரண்டு பேட்டரிகள் உள்ளன. ஒன்று பெரியது, உயர் மின்னழுத்தமுடையது, சக்கரங்களைச் சுழற்ற உதவுவது. மற்றொன்று எல்லாக் கார்களிலும் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி.

காரை நிறுத்தியவுடன் பாதுகாப்புக் கருதிப் பெரிய பேட்டரியின் இணைப்பைச் சில ரிலேக்கள் துண்டித்துவிடுகின்றன. அவற்றை மீண்டும் இணைக்கும் ஆணையும் ஆற்றலும் சிறிய பேட்டரியிடமிருந்தே வர வேண்டும். ஆகவே, பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் சிறியது தீர்ந்துவிட்டால் கார் உயிர் பெறாது. களஞ்சியம் நிறைய நெல் இருந்தும் திறவுகோல் தொலைந்த வீட்டின் நிலைதான் அது.

என்ஜினைச் சுழற்றும் கடின வேலை இல்லாததால், இச்சிறிய பேட்டரி பெரும்பாலும் கொள்ளளவு குறைந்ததாகவே பொருத்தப்படுகிறது. அது மின்னேற்றம் பெறுவதும் காரில் ‘ரெடி’ என்னும் விளக்கு எரியும் நேரத்தில் மட்டுமே. ‘ஸ்மார்ட் ஹைபிரிட்’ எனப்படும் எளிய வகைக் கார்களின் அமைப்பு வேறு. எனினும் அவற்றிலும் நின்ற நிலையில் 12 வோல்ட் பேட்டரி தீர்ந்துபோவதற்கான காரணங்கள் இவையே.

அச்சம் வேண்டா; அவசரமும் வேண்டா

சிறிய பேட்டரி தளரும்போது எச்சரிக்கை விளக்குகள் ஒருசேர எரியும்; திரை மங்கும்; ‘டிக் டிக்’ என்ற ஒலி மட்டும் எழும்; ‘ரெடி’ விளக்கோ வராது. இதைக் கண்டு, ‘ஹைபிரிட் பேட்டரியே போய்விட்டது’ என்று யாரேனும் கூறிவிட்டால், வீட்டிலிருக்கும் பெண்கள் கலங்கிப் போகின்றனர். வெளிநாட்டில் வியர்வை சிந்திய பணத்தில் ஒரு பெருந்தொகை தேவையின்றிச் செலவாகிவிடக் கூடாது. பெரிய பேட்டரிக்குப் பல நிறுவனங்கள் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை உத்தரவாதம் தருகின்றன. சிறிய பேட்டரியோ சில ஆயிரம் ரூபாயில் முடியும் காரியம். எனவே, ‘எந்தப் பேட்டரி? எத்தனை வோல்ட் காட்டுகிறது?’ என்னும் இரு கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். விடை எண்ணாக வரட்டும். அதை ஒரு தாளில் குறித்தும் வாங்குங்கள்.

கார் சில மணி நேரம் ஓய்ந்திருந்த பின், எந்தப் பேட்டரிக் கடையிலும் உள்ள மல்டிமீட்டரால் அளக்கலாம். 12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் காட்டினால் பேட்டரி நிறைந்துள்ளது. 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. 12-க்குக் கீழே போனால் அது தீரும் தறுவாயில் உள்ளது. பிறகு ‘ரெடி’ நிலையில் அளக்க வேண்டும். ஏறக்குறைய 14 வோல்ட் காட்டினால் காரின் மின்னேற்றும் உறுப்பு செவ்வனே இயங்குகிறது என்று பொருள். மின்னேற்றம் சரியாக நடந்தும் பேட்டரி மீண்டும் மீண்டும் இறங்கினால், பேட்டரி முதுமையடைந்திருக்க வேண்டும். அன்றேல் நிற்கும் காரில் ஏதோ ஒன்று மின்சாரத்தை உறிஞ்ச வேண்டும்.

ஒரு சிறு கணக்கு

நிற்கும் காரிலும் பூட்டு, திருட்டுத் தடுப்பு, கணினிகள் ஆகியன சிறிதளவு மின்சாரத்தை எடுத்துக்கொண்டே இருக்கும். 45 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பேட்டரியில் 20 மில்லி ஆம்பியர் கசிந்தால், நாளொன்றுக்கு அரை ஆம்பியர்-மணி போகும். 40 நாளில் 19 ஆம்பியர்-மணி தீரும். புதிய பேட்டரி இதைத் தாங்கும். அதுவே 50 மில்லி ஆம்பியர் ஆனால் 40 நாளில் 48 ஆம்பியர்-மணி. பேட்டரி முற்றிலும் வற்றிவிடும். நின்ற நிலையிலும் படமெடுக்கும் கேமரா 250 மில்லி ஆம்பியர் எடுத்தால் ஒரு வாரமே மிச்சம். அணைக்க மறந்த 5 வாட் உள்விளக்கோ இரண்டே நாளில் பாதியைக் குடித்துவிடும்.

ஹஜ் பயணம் ஏறத்தாழ 40 நாள் என்பதையும், 2024, 2025 ஆண்டுகளில் ஹஜ் ஜூன் மாதத்தில் அமைந்ததையும் இங்கே எண்ணிப் பாருங்கள். வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் இவ்வகைப் பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது துறையினரின் பொதுக் கணிப்பு. தீர்ந்த நிலையிலேயே பல நாள் கிடந்தால் உள்ளிருக்கும் ஈயத் தகடுகளில் உப்புப் படிந்து இறுகி, மறுபடியும் மின்னேற்ற முடியாமலே போய்விடும்.

கள்ளனைக் கண்டுபிடித்தல்

முதலில் வீட்டாரே பார்க்கக்கூடியவை: பின்னாளில் பொருத்திய கேமரா, இருப்பிடம் காட்டும் கருவி, பாட்டுப் பெட்டி, செல்போன் சார்ஜர் ஆகியவற்றைக் கழற்றிவிட்டுச் சில நாள் கவனியுங்கள். உள்விளக்கும் டிக்கி விளக்கும் அணைந்துள்ளனவா என்று இரவில் பாருங்கள். பொத்தானை அழுத்தி நிறுத்தும்போது கார் முழுமையாக அணைந்ததா, ‘ஏ.சி.சி.’ நிலையில் நின்றதா என்று உறுதி செய்யுங்கள். சுவருக்கு அப்பால் கார் நிற்க, இப்பால் ஆணியில் சாவியை மாட்டும் வழக்கம் சிறு வீடுகளில் உண்டு. சாவி மிக அருகிலிருந்தால் சில கார்கள் அதனோடு தொடர்புகொண்டு உறங்காமலே இருக்கும். சாவியைச் சில மீட்டர் தள்ளி உள்ளறையில் வையுங்கள்.

இவற்றால் தீராவிடில், அனுபவமுள்ள ஆட்டோ எலக்ட்ரீஷியனை நாடுங்கள். அவர் எதிர்முனையில் மீட்டரைத் தொடராக இணைத்து, கதவுகளை மூடி, கணினிகள் உறங்க அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை காத்திருந்து அளக்க வேண்டும். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் நிலையாகக் காட்டினால், ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகச் சோதித்தால் உறிஞ்சும் உறுப்பு எதுவென்று தெரிந்துவிடும். காத்திராமல் எடுத்த அளவு பொய் சொல்லும். ஆரஞ்சு நிற வயர்களை எவரும் தொடலாகாது. அவற்றில் உயிர் குடிக்கும் மின்னழுத்தம் உண்டு.

அவசர நேரத்தில்

சாவிக்குள் மறைந்திருக்கும் சிறு உலோகச் சாவியால் கதவைத் திறக்கலாம். இதை இன்றே ஒருமுறை பழகிக்கொள்ளுங்கள். வேறொரு காரின் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஜம்ப்பர் கேபிள் மூலம் உயிரூட்டலாம். கேபிளைப் பூட்டும் இடம் எதுவெனக் காரின் கையேடு காட்டும். நேர்முனையை நேர்முனையோடு இணைத்த பிறகே எதிர்முனைக் கேபிளை எடுக்க வேண்டும். அதன் கடைசி நுனியைத் தீர்ந்த காரின் வெற்று உலோகப் பகுதியில் மாட்ட வேண்டும். முனைகள் மாறினால் விலையுயர்ந்த மின்னணு உறுப்புகள் கருகிவிடும். ‘ரெடி’ வந்ததும் ஒரு மணி நேரமேனும் அணைக்காதீர்கள். உங்கள் ஹைபிரிட் காரிலிருந்து பிறர் காருக்கு மின்சாரம் தருவதைப் பல கையேடுகள் தடுக்கின்றன என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். புதிய பேட்டரி மாற்றும்போது, பயணிகள் அறையை ஒட்டிப் பேட்டரி உள்ள கார்களுக்கு ‘ஏ.ஜி.எம்.’ வகையையே கேட்டு வாங்குங்கள். சாதாரண வகை உள்ளே வாயுவை வெளிவிடக்கூடும்.

வருமுன் காப்போம்

2020-ஆம் ஆண்டு கொரோனா ஊரடங்கின்போது, வாரம் ஒருமுறையேனும் ஏறத்தாழ 60 நிமிடம் காரை ‘ரெடி’ நிலையில் வைக்குமாறு பிரிட்டனில் டொயோட்டா நிறுவனம் தன் வாடிக்கையாளருக்கு அறிவுறுத்தியது. நாமும் அவ்வாறே செய்யலாம். வெள்ளிக்கிழமை காலை என்று ஒரு நேரத்தைக் குறித்துக்கொண்டால் மறவாது. மூடிய ஷெட்டில் மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். என்ஜின் தானே இயங்கத் தொடங்கும். கார்பன் மோனாக்சைடு என்னும் நஞ்சு ஓசையின்றிச் சூழும். ஓட்டத் தெரிந்த உறவினர் இருந்தால் அரை மணி நேரம் ஓட்டிவரச் செய்வது பெரிய பேட்டரிக்கும் நன்று. கடைத்தெரு வரை போய்வரும் இரண்டு கிலோமீட்டர் போதாது. பார்ப்பார் இல்லாத வீடானால், எதிர்முனையைக் கழற்றிவைத்துச் செல்லலாம். மின்வசதி அருகிலிருந்தால் பேட்டரிக்கேற்ற தானியங்கி சார்ஜரைப் பூட்டலாம்.

சகோதரிகளே! இது ஆண்களின் வேலை என்று ஒதுங்கிவிடாதீர்கள். அவசரம் வரும்போது வீட்டிலிருப்பவர் நீங்கள்தாம். பயணம் புறப்படும் சகோதரர்களே! சாவியைக் கொடுத்தால் போதாது. செயல்முறையையும் கற்றுக்கொடுத்துச் செல்லுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு, அதன் பின்னரே இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்குமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒருவருக்கு அறிவுறுத்திய செய்தியை நாம் ஜும்ஆ மேடைகளில் கேட்டிருக்கிறோம். நம் வாசலில் நிற்கும் ஒட்டகத்துக்கு, வாரம் ஒரு மணி நேரக் கவனிப்பே அந்தக் கயிறு.

பயணம் போனோரும் வீட்டில் இருப்போரும் நலமாய் வாழ வல்ல ரஹ்மான் அருள்புரிவானாக! ஆமீன்.