போகொட மரப்பாலம்



பாலம் என்றவுடன் கல்லும் இரும்பும் கொங்கிறீற்றுமே நம் நினைவுக்கு வருகின்றன. மரத்தாற் செய்து, வீடு போல ஓடு வேய்ந்த பாலம் ஒன்று நம் நாட்டில் உண்டென்பதைப் பலர் அறியார். ஊவா மாகாணத்திலே, பதுளை மாவட்டத்து ஹாலி-எலவுக்கு அணித்தாயுள்ள போகொடவில் அது இருக்கின்றது.

மலைச்சரிவிற் படிவழியே இறங்கிச் சென்றால் கல்லந்த ஓயா என்னும் சிற்றாற்றைக் காணலாம். அதன் அருகே போகொட ரஜமகா விகாரை உளது. பிராமி எழுத்திற் பொறித்த கல்வெட்டொன்று அவ்விடத்தின் தொன்மைக்குச் சான்று பகர்கின்றது. பாலம் அத்துணைப் பழையதன்று. 16ஆம் நூற்றாண்டினது என்பதே பொதுவாகக் கூறப்படும் கணிப்பு. பதுளையையும் கண்டியையும் இணைத்த பழைய வழி இதன் மீதே சென்றது. மோட்டார் வீதிகள் தோன்றுமுன், வணிகரும் யாத்திரிகரும் மலைநாட்டைக் கடந்தது இத்தகைய ஒற்றையடிப் பாதைகளாலேயே ஆகும்.

பாலத்தின் நீளம் ஏறக்குறைய 50 அடி; அகலம் 6 அடி. தடித்து நீண்ட மரங்கள் அடியில் நின்று தாங்குகின்றன. மேலே பலகைத் தளம், இருமருங்கும் மரக் கைப்பிடி வேலி, வரிசையான தூண்கள், கண்டி மரபைக் காட்டும் ஓட்டுக் கூரை. ஆற்றங்கரையிற் செழித்து வளரும் மருதமரமும், மனைதோறும் நிற்கும் பலாமரமும் இதற்குப் பயன்பட்டன. மரத்தோடு மரத்தைப் பொருத்தி மர ஆணி அறைந்தே இதனை முடித்தனர். ஈரமான மரத்தில் இரும்பாணி துருப்பிடிக்கும். துருப்பிடித்த ஆணி தன்னைச் சூழ்ந்த மரத்தையும் கெடுக்கும். மர ஆணிக்கோ அக்குறை இல்லை.

இனி, கூரை எதற்கு? வழிப்போக்கருக்கு நிழல் தருவது அதன் பயன்களுள் ஒன்று. ஆயினும், முதற் பயன் பாலத்தைக் காப்பதே. எந்நேரமும் உலர்ந்திருக்கும் மரம் நெடுங்காலம் நிலைக்கும். மழையில் நனைந்தும் வெயிலிற் காய்ந்தும் மாறிமாறி வருந்தும் மரமோ வெடிக்கும். வெடிப்பில் நீர் தங்கும். நீர் தங்கிய இடத்திற் பூஞ்சணம் பற்றும். ஆகவே, ஓடு ஒன்று நழுவினால் அதனை அன்றே சீர்செய்ய வேண்டும். அவ்வொரு துளை வழியே ஒழுகும் நீர், சில மாரிகளுள் தாங்குமரத்தையே உளுத்துப்போகச் செய்துவிடும்.

மரப்பாலத்துக்கு நெருப்பும் பகையே. சுவிற்சர்லாந்தின் லுசேர்ன் நகரிலே, 14ஆம் நூற்றாண்டில் அமைந்த கூரைப்பாலம் ஒன்று உண்டு. அதன் கூரையின் உட்புறத்தை 17ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் அணிசெய்தன. 1993ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்து இரவொன்றில் அப்பாலத்தின் பெரும்பகுதி எரிந்தது. நகர மக்கள் தளரவில்லை. பழைய வடிவிலேயே மீண்டும் கட்டி, 1994ஆம் ஆண்டு ஏப்பிரலில் திறந்துவிட்டனர். ஆனால், எரிந்தழிந்த ஓவியங்களை மீட்க இயலவில்லை. தச்சுத் தொழிலறிவு இருக்கும்வரை பாலத்தை மீண்டும் எழுப்பலாம். போன ஓவியத்தை வரைய அதே கை மீண்டும் வாராது.

போகொடவுக்கும் இது பொருந்தும். தொல்பொருட் சின்னமாகப் பேணப்படும் இப்பாலத்தில், உளுத்த பலகையை நீக்கிப் புதுப்பலகை இடுதல் குற்றமாகாது. மரவேலை என்றும் அவ்வாறே வாழ்ந்து வந்துள்ளது. இடும் பலகை ஏற்ற மரமாக இருத்தல் வேண்டும். பொருத்தும் முறையும் பழைய முறையாக இருத்தல் வேண்டும். இரும்பாணியும் சீமெந்தும் கொண்டு விரைந்து முடித்தால், உருவம் எஞ்சும். பாலம் கற்பிக்கும் தொழிலறிவு மறைந்துவிடும். ஆதலின், பழைய பொருத்துகளை அறிந்த தச்சர் பரம்பரையைப் பேணுவதும் பாலத்தைப் பேணுவதன் ஒரு பகுதியே.

காணச் செல்வோர்க்கும் கடமை உண்டு. தூணிலே பெயர் செதுக்காதிருத்தலும், தீக்குச்சியையும் சுருட்டையும் அங்கே தவிர்த்தலும் எவர்க்கும் எளியன. பலநூறு மாரிகளைத் தாங்கி நின்ற மரத்துக்கு நாம் செய்யக்கூடிய சிறு கைம்மாறு அதுவே.