ஏகாதசிக் கண்விழிப்பு: மூளைக்குள் என்ன நடக்கிறது?

மார்கழிக் குளிரில் ஸ்ரீரங்கத்துக்கு ஓர் இரவு மட்டும் தூக்கமே கிடையாது. வைகுண்ட ஏகாதசிக்கு முதல் நாள் நம்பெருமாள் மோகினி அலங்காரத்தில் காட்சி தருவார். அன்றிரவே திருச்சியிலிருந்து காவிரிப் பாலத்தைத் தாண்டிக் கூட்டம் வரத் தொடங்கிவிடும். விடிவதற்கு முன் ரத்னாங்கி அணிந்து அவர் பரமபத வாசலைக் கடக்கும்போது, அங்கே நிற்பவர்களில் பலர் முந்தின நாள் காலையில் எழுந்தவர்கள். அதன்பிறகு கண் மூடாதவர்கள். வீட்டில் இருப்பவர்களும் பரமபத சோபன படத்தை விரித்து, தாயம் உருட்டி, ஏணியிலும் பாம்பிலுமாக இரவைக் கழிப்பார்கள்.

பெருமாள் பள்ளிகொண்ட ஊரில் பக்தர்கள் விழித்திருக்கும் இந்த இரவில், மூளை என்ன பாடுபடுகிறது?

விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. கண்ணைச் சொருக வைப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. காபி அதை அகற்றுவதில்லை. அது போய் ஒட்ட வேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். காபியின் வேகம் தணிந்ததும், அடக்கி வைத்த தூக்கம் வந்து அழுத்தும். கூடவே உடல் கடிகாரமும் சேர்ந்துகொள்ளும். பின்னிரவு 3 மணியிலிருந்து 5 மணி வரை உடல் வெப்பம் குறைந்து, தூக்கக் கலக்கம் உச்சத்தில் இருக்கும்.

தூங்காத மூளையில் உணர்ச்சியைக் கிளப்பும் அமிக்டலா என்ற பகுதி அதிகமாகத் துள்ளுகிறது. அதை அடக்கி வைக்கும் முன்மூளையின் பிடி தளர்கிறது. 2007இல் வெளியான ஒரு ஸ்கேன் ஆய்வு இதைக் காட்டியது. ‘ரங்கா, ரங்கா’ என்ற குரல் எழும்போது கண்ணீர் பெருகுவதற்குக் காரணம் பக்திதான். ஆனால், அந்தக் கண்ணீருக்கு அணை போடாமல் விடுவதில் கண்விழிப்புக்கும் பங்கு இருக்கலாம். நோன்பு, விழிப்பு, கூட்டு வழிபாடு மூன்றும் சேரும்போது மனம் அன்றாட நிலையைக் கடப்பதைப் பல சமயங்கள் அறிந்திருக்கின்றன.

விழிப்பு எல்லை மீறினால் மனம் தடுமாறும். 1964இல் அமெரிக்காவில் 17 வயது ராண்டி கார்ட்னர் 264 மணி நேரம் தூங்காமல் இருந்து பார்த்தார். நாள் செல்லச் செல்ல ஞாபகம் பிசகியது, எரிச்சல் கூடியது, இல்லாத காட்சிகளும் தோன்றின.

ஓர் இரவு விழிப்பில் அவ்வளவு தூரம் போகாது. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: வீடு திரும்பும் சாலையில். கண் திறந்திருக்கும்போதே மூளை சில விநாடிகள் தூங்கிவிடும். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போகும் கார், அந்த நான்கு விநாடிகளில் ஏறக்குறைய 90 மீட்டர் ஓடிவிடும். 24 மணி நேரம் விழித்திருந்தவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.10 சதவீதம் மது இருப்பவரின் தடுமாற்றத்துக்குச் சமம் என்று 1997இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. நம் நாட்டில் ஓட்டுநருக்குச் சட்டம் வைத்திருக்கும் வரம்பு 0.03 சதவீதம்!

எனவே, புறப்படும் முன்பே குடும்பத்தில் பேசி வைத்துக்கொள்வது நல்லது. கண்விழிக்கப் போகிறவர்கள் தசமியன்று பிற்பகலில் ஒன்றரை மணி நேரம் தூங்கிவிடலாம். வண்டி ஓட்டுபவர் மட்டும் இரவில் தூங்கட்டும். இல்லாவிட்டால் ரயிலிலோ பஸ்ஸிலோ திரும்பலாம். துவாதசியன்று பகலில் தூங்கக் கூடாது என்ற நியமத்தைக் காப்பவர்கள், அன்று ஸ்டியரிங்கைத் தொடாமல் இருப்பதே உத்தமம்.

வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு ஓர் இரவுத் தூக்கம் கெட்டாலே வலிப்பு வரலாம். இருதுருவ மனநோய் உள்ளவர்களுக்கு மனம் மிதமிஞ்சிய உற்சாகத்துக்குத் தாவிவிடலாம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் பட்டினி கிடந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். இவர்கள் டாக்டரைக் கேட்காமல் விரதமும் விழிப்பும் இருக்கக் கூடாது. “தாத்தா, நீங்க தூங்குங்க, நாங்க போய்ட்டு வர்றோம்” என்று சொல்வது பக்திக் குறைவு ஆகாது.

அரங்கனின் சயனத்தை ‘அறிதுயில்’ என்பார்கள்; தூங்குவதுபோல் இருந்தும் எல்லாம் அறிந்திருக்கும் நிலை. டால்பின்கூட பாதி மூளையை மாற்றி மாற்றி உறங்க வைத்து நீந்துகிறது. மனித மூளைக்கு அந்த வசதி இல்லை. அதற்குத் தூக்கம் என்றால் தூக்கம்தான்.