சந்தேகம் நோயாகப் பதியும்போது: பால்வினை நோய் ஆவணங்களும் நோயாளியின் உரிமையும்

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நோயாளிக்குத் தரப்படும் டிஸ்சார்ஜ் சம்மரியில், நோயின் பெயரை ஒட்டி அச்சாகும் ஓர் எழுத்தும் சில எண்களும் பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் பத்தாம் திருத்தத்திலிருந்து எடுக்கப்படுபவை. உலக சுகாதார நிறுவனம் 1990-இல் ஏற்றுக்கொண்ட அந்த வகைப்பாட்டில் 'ஏ 50' முதல் 'ஏ 64' வரையிலான பகுதி பெரும்பாலும் உடலுறவால் பரவும் தொற்றுகளுக்கு உரியது. எச்ஐவி மட்டும் அதற்கு வெளியே 'பி 20' முதல் 'பி 24' வரையிலும், அறிகுறியற்ற நிலையில் 'இசட் 21' என்றும் குறிக்கப்படுகிறது. பதினோராம் திருத்தம் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்துவிட்ட போதிலும், இந்திய மருத்துவமனைகளிலும் காப்பீட்டு அலுவலகங்களிலும் பத்தாம் திருத்தமே இன்னும் பரவலாகப் புழங்குகிறது. வேறு நோய்களில் குறியீடு தவறினால் பெரும்பாலும் பணக் கணக்கில் சிக்கல் வரும்; பால்வினை நோயில் தவறினால் குடும்பமும் வேலையும் ஊராரிடம் உள்ள மதிப்பும் சேர்ந்தே ஆட்டங்காண்கின்றன.

குறியீட்டை இடுபவர் பெரும்பாலும் மருத்துவர் அல்லர். மருத்துவ ஆவணப் பிரிவில் அமர்ந்து, மருத்துவர் எழுதியதை மட்டும் பார்த்துக் குறியீட்டைத் தேர்ந்தெடுக்கும் பணியாளர். 'ஹெர்பீஸ்' என்று ஒரே சொல்லில் மருத்துவர் நிறுத்திக்கொண்டால், அது முதுகில் வந்த அக்கியா, உதட்டோரக் கொப்புளமா, பிறப்புறுப்புப் புண்ணா என்பது அந்தப் பணியாளருக்குத் தெரிய வழியில்லை. முதலாவதற்கு 'பி 02', இரண்டாவதற்கு 'பி 00', மூன்றாவதற்கு 'ஏ 60' என்று குறியீடுகள் வேறுபட, இவற்றுள் கடைசி மட்டுமே பால்வினை நோய்ப் பட்டியலைச் சேர்ந்தது.

இதைவிடச் சிக்கலானது சிபிலிஸ் பரிசோதனை. கர்ப்பிணிகளுக்கும் ரத்த தானம் செய்வோருக்கும் செய்யப்படும் விடிஆர்எல் போன்ற முதல்நிலைச் சோதனைகள் கிருமியை நேரடியாகக் காட்டுவதில்லை. திசுச் சேதத்தால் உடலில் உருவாகும் எதிர்ப்பொருளையே அளக்கின்றன. ஆகவே மலேரியா, தொழுநோய், லூப்பஸ் போன்றவற்றிலும், சில வேளைகளில் கர்ப்பத்திலும்கூட, சிபிலிஸ் இல்லாமலே 'ரியாக்டிவ்' என்ற முடிவு வரக்கூடும். இதை உறுதிப்படுத்த டிபிஎச்ஏ என்னும் மற்றொரு சோதனை உண்டு. அதுவோ ஒருமுறை நோய் வந்தவருக்கு, முழுமையாகக் குணமான பின்னரும், பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் பாசிட்டிவ் என்றே காட்டும். வகைப்பாட்டு விதிப்படி, விளக்கம் ஏதுமின்றி 'சிபிலிஸ் சோதனை பாசிட்டிவ்' என்று எழுதினால் அது 'ஏ 53.0', அதாவது மறைந்திருக்கும் சிபிலிஸ் என்று பதிவாகும். 'பொய் நேர்முடிவு' என்று மருத்துவர் குறித்தால் மட்டுமே 'ஆர் 76.2' ஆகும். கவனமாக எழுத அரை நிமிடம் போதும் என்றாலும், நெரிசலான வெளிநோயாளர் பிரிவில் அந்த அரை நிமிடமே அரிதாகிவிடுகிறது.

தமிழ்நாட்டில் சுகவாழ்வு மையம் என அறியப்படும் அரசுப் பால்வினை நோய்ச் சிகிச்சைப் பிரிவுகளில், ஆய்வக முடிவுக்குக் காத்திராமல், அறிகுறியை வைத்தே நிறம் பிரித்த மருந்துப் பொட்டலங்கள் தரப்படுகின்றன; சிறுநீர்த்தாரைக் கசிவுக்குச் சாம்பல் நிறப் பொட்டலம், ஹெர்பீஸ் அல்லாத பிறப்புறுப்புப் புண்ணுக்கு வெள்ளை என்பது தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு வகுத்த முறை. பொட்டலம் தரப்பட்டதாலேயே நோய் உறுதியாகிவிட்டதாகப் பொருளில்லை. உறுதியாகாத நிலையில் அறிகுறிக்குரிய குறியீட்டை, உதாரணமாக சிறுநீர்த்தாரைக் கசிவுக்கு 'ஆர் 36' என்பதை, இடுவதே முறை. அவ்வாறே, நோயின்றிப் பரிசோதனைக்கு மட்டும் வந்தவருக்கு 'இசட் 11.3', நோயுற்ற துணையோடு தொடர்பிருந்ததால் வந்தவருக்கு 'இசட் 20.2' எனத் தனிக் குறியீடுகள் இருக்கின்றன.

சந்தேகத்தை நோயாக எழுதுவதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. அதை இரக்கம் என்று பலர் எண்ணுவதால் அது கண்டிக்கப்படுவதும் இல்லை. நோயாளியின் மானத்தைக் காப்பதாக நினைத்துக் கொனோரியாவைச் 'சிறுநீர்த் தொற்று' என்று எழுதிவிட்டால், துணைக்குச் சிகிச்சை கிடைக்காமல் தொற்று திரும்பத் திரும்ப வரும். அடுத்த மருத்துவர் பொருந்தாத மருந்தைத் தருவார். சிபிலிஸுக்காகப் பென்சிலின் ஊசி போட்டுக்கொண்ட கர்ப்பிணியின் அட்டையில் ஊசியின் தேதியும் அளவும் இல்லையெனில், அவர் போதிய சிகிச்சை பெறாதவராகவே கொள்ளப்பட்டு, பிறந்த குழந்தைக்குப் பத்து நாள் ஊசி போட வேண்டிய நிலை வரலாம். மறைத்து எழுதுவது நோயாளிக்குச் செய்யும் உதவி ஆகாது. உள்ளதை எழுதி, எழுதியதை யார் பார்க்கலாம் என்பதைக் கட்டுப்படுத்துவதே உதவி.

அந்தக் கட்டுப்பாட்டுக்குச் சட்டத்தில் இடமுண்டு. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, நீதிமன்ற ஆணை, குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ உள்ள கடும் ஆபத்து, அறிவிக்கப்பட வேண்டிய நோய் ஆகிய நிலைகள் தவிர, நோயாளியின் ரகசியத்தை மருத்துவர் வெளியிடக் கூடாது. நோயாளி கேட்டால் மருத்துவ ஆவணங்களை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையிலுள்ள எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், 2017 இன்னும் வலுவானது. பரிசோதனைக்கு ஒப்புதல், தகவல் பாதுகாப்பு, வேலையிலும் சிகிச்சையிலும் பாகுபாட்டுக்குத் தடை, முறையிடுவதற்குக் குறைதீர்ப்பாளர் என அனைத்தையும் அது சொல்கிறது. ஆனால் சிபிலிஸ், ஹெர்பீஸ் போன்றவற்றுக்கு இத்தகைய தனிச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்பது பெரிய குறை.

தகவல் கசியும் இடம் பல நேரங்களில் காப்பீட்டுக் கோப்பு. எச்ஐவி நீங்கலான பால்வினை நோய்களைச் சில பாலிசிகள் விலக்குப் பட்டியலில் வைத்திருப்பதால், தவறான ஒரு குறியீடே கோரிக்கை மறுக்கப்படக் காரணமாகலாம். நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் இருப்போர், கோப்பை மனிதவளப் பிரிவு வழியாக அனுப்பாமல் காப்பீட்டு நிறுவனத்துக்கோ அதற்காகக் கோரிக்கைகளைக் கையாளும் முகவாண்மைக்கோ நேரடியாக அனுப்ப வழியுண்டா என்று கேட்பது நல்லது.

பிழை தெரிந்தால், சோதனை முடிவின் நகலை இணைத்து, சிகிச்சை தந்த மருத்துவருக்கும் ஆவணப் பிரிவுக்கும் எழுத்து மூலம் திருத்தம் கோரி, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்க வேண்டும். பழைய பதிவை அடித்தல் முறையன்று. அது தெரியும்படியே இருக்க, தேதியும் கையெழுத்தும் கொண்ட திருத்தக் குறிப்பைச் சேர்த்துப் புதிய சம்மரி தருவதே சரி. மருத்துவமனை மறுத்தாலோ ரகசியம் வெளியானாலோ மாநில மருத்துவக் கவுன்சிலையும், இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்தையும் அணுகலாம். காப்பீட்டு நிறுவனத்தின் மறுப்பை எதிர்த்து ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். எச்ஐவி, பால்வினை நோய் குறித்த ஐயங்களுக்கு 1097 என்ற கட்டணமில்லா எண் உண்டு. இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, சம்மரியைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திடும் முன் நோயறிதல் வரியை நோயாளி ஒருமுறை படித்து, புரியாத குறியீட்டுக்கு அங்கேயே விளக்கம் கேட்க வேண்டும்.