பக்கத்திலேயே ஒரு நகல்!

அமெரிக்காவுல இருக்கிற ஒரு இணையதளம் நம்ம கம்ப்யூட்டர்ல சட்டுனு எப்படி வருதுன்னு யோசிச்சிருக்கீங்களா?

பால் வாங்க நாம பண்ணைக்கா போறோம்? தெருமுனைக் கடைக்குத்தானே! அதேபோல, பெரிய இணையதளங்களின் படம், வீடியோ நகல்கள் பல நாட்டு சர்வர்களில் இருக்கும்.

நாம் தளத்தின் பெயரை டைப் செய்ததும், கம்ப்யூட்டர் டி.என்.எஸ். என்ற முகவரிப் புத்தகத்திடம் வழி கேட்கும். அது நமக்குப் பக்கத்தில் உள்ள, கூட்டம் குறைந்த சர்வரின் எண்ணைத் தரும். அங்கே நகல் இருந்தால் உடனே கிடைக்கும். இல்லாவிட்டால் அந்த சர்வரே மூல சர்வரிடம் வாங்கி நமக்குக் கொடுத்துவிட்டு, ஒரு நகலைத் தானும் வைத்துக்கொள்ளும். அடுத்து கேட்பவருக்குச் சுலபம்!

இதற்காகவே எம்.ஐ.டி. பேராசிரியர் டாம் லெய்ட்டனும் அவர் மாணவர் டேனியல் லெவினும் 1998-ல் அகமாய் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 2001 செப்டம்பர் 11 அன்று, கடத்தப்பட்ட விமானத்தில் லெவின் இறந்தார். வயது 31. அன்றைக்கு உலகமே செய்தித் தளங்களில் குவிந்தது. பல தளங்கள் திணறின. அந்தக் கூட்டத்தைத் தாங்கிப் பிடித்ததில் அவர் உருவாக்கிய சர்வர்களுக்கும் பங்கு உண்டு.

இனி ஒரு பக்கம் சட்டுனு திறந்தா, அவரையும் நினைச்சுக்குவோம்!