தொட்டுப் பார்க்க முடியாத துணி

கடைக்குப் போகிறோம். சேலையைக் கையில் எடுக்கிறோம். விரல்களால் தேய்த்துப் பார்க்கிறோம். வெளிச்சத்தில் விரித்துப் பிடிக்கிறோம். "சாயம் போகுமா?" என்று கேட்கிறோம். பேரம் பேசுகிறோம். அதன் பிறகுதான் மடியில் இருந்து பணத்தை எடுக்கிறோம்.

இப்போது செல்போனுக்குள்ளேயே துணிக்கடை வந்துவிட்டது. ஃபிளிப்கார்ட், அமேசான், மிந்த்ரா, மீஷோ என்று பல கடைகள். குஜராத்தில் உள்ள சூரத் நகரத்துச் சேலையை அசாமில் இருப்பவரும் வாங்கலாம். சேலை வீட்டு வாசலுக்கே வரும். ஆனால் தொட்டுப் பார்க்க முடியாது. பேரமும் கிடையாது. கை செய்த வேலையைக் கண் செய்ய வேண்டும். படத்தை மட்டும் பார்த்தால் போதாது. படத்துக்குக் கீழே உள்ள எழுத்தைப் படிக்க வேண்டும்.

ஃபிளிப்கார்ட்டும் அமேசானும் 2020-ஆம் ஆண்டு தமிழிலும் வந்தன. மொழி என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுக்கலாம். சில சொற்கள் அப்போதும் ஆங்கிலத்தில் இருக்கும். புரியாத சொல்லைப் பிள்ளைகளிடம் கேட்பதில் வெட்கம் எதற்கு?

முதலில் பெட்டியைத் திறப்போம்

போனைத் திறக்கும் முன் வீட்டுப் பெட்டியைத் திறக்க வேண்டும். எல்லாத் துணியையும் பாயில் எடுத்துப் போட வேண்டும். மூன்று சேலை நன்றாக இருக்கும். ஆனால் ரவிக்கை இறுக்கமாகி இருக்கும். அதனால் கட்டாமலே கிடக்கும். அங்கே வேண்டியது புதுச் சேலை அல்ல. மூன்றுக்கும் பொருந்தும் ஒரு கறுப்பு ரவிக்கை. சுடிதார் மேல்சட்டை புதிதாக இருக்கும், பேன்ட் சாயம் போயிருக்கும். பேன்ட் மட்டும் தனியாகக் கிடைக்கும். 200 ரூபாயில் பழைய துணி புதிதாகிவிடும். தேவையைத் தாளில் எழுதிக்கொண்டு கடையைத் திறந்தால் பணம் மிஞ்சும். எழுதாமல் திறந்தால் கண்ணில் பட்டதெல்லாம் வேண்டும் என்று தோன்றும்.

அளவு

திரும்பிப் போகும் துணிகளில் பல, அளவு சரியில்லாமல் போவதுதான். எஸ், எம், எல், எக்ஸ்எல் என்று போட்டிருப்பார்கள். ஒரு கம்பெனியின் எல் இன்னொரு கம்பெனிக்கு எம் ஆக இருக்கும். எழுத்தை நம்பக் கூடாது. இன்ச் டேப்பை நம்பலாம்.

நமக்குச் சரியாக இருக்கும் சட்டை ஒன்றை எடுங்கள். தரையில் சுருக்கம் இல்லாமல் விரியுங்கள். ஒரு அக்குள் தையலில் இருந்து மறு அக்குள் தையல் வரை அளவெடுங்கள். 19 அங்குலம் என்றால் சுற்றளவு 38 அங்குலம். கடையின் அளவுப் பட்டியலில் 38 எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அந்தப் பட்டியல் துணியின் அளவா, உடம்பின் அளவா என்றும் பாருங்கள். உடம்பு 36 என்றால் சட்டை 38 அல்லது 40 இருந்தால்தான் கையைத் தூக்க முடியும். சென்டிமீட்டரில் இருந்தால் பயப்பட வேண்டாம். ஒரு அங்குலம் என்பது 2.54 சென்டிமீட்டர். 38 அங்குலம் சுமார் 97 சென்டிமீட்டர்.

சேலைக்கும் அளவு உண்டு. சேலை 5.5 மீட்டர், ரவிக்கைத் துணி 0.8 மீட்டர், மொத்தம் 6.3 மீட்டர் என்பது வழக்கம். 5 மீட்டர் என்று இருந்தால் கொசுவம் குறையும். படத்தில் உள்ள பெண் போட்டிருக்கும் ரவிக்கைதான் வரும் என்று நினைக்கக் கூடாது. எழுதியிருப்பதுதான் வரும்.

என்ன நூல்?

ஒரு வீட்டில் மகள் போனைக் காட்டுகிறாள்.

"அம்மா, பட்டுச் சேலை 399 ரூபாய்தானாம். வாங்கிடலாமா?"

அம்மா எழுத்துக் கூட்டிப் படிக்கிறார். "ஆர்ட் சில்க்னு போட்டிருக்கே. ஆர்ட்னா என்னடி?"

ஆர்ட் என்றால் இங்கே கலை இல்லை. செயற்கை என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். அதாவது இது பட்டுப்புழுவின் நூல் அல்ல. ஏமாற்று என்றும் சொல்ல முடியாது, எழுதித்தானே விற்கிறார்கள்? படிக்காமல் வாங்கினால் நட்டம் நமக்கு. 'காட்டன் பிளெண்ட்' என்றால் பருத்தியோடு வேறு நூல் கலந்திருக்கிறது. வெயிலில் வேலை செய்பவருக்கு அது புழுங்கும். அசல் பட்டுக்கு சில்க் மார்க் என்ற முத்திரை உண்டு. 2004-இல் வந்தது. கைத்தறிக்குக் கைத்தறி முத்திரை 2006-இல் வந்தது. விலை கூடிய சேலை என்றால் இந்த முத்திரை உண்டா என்று பார்ப்பது நல்லது.

வாங்கியவர்கள் எழுதியதையும் படிக்க வேண்டும். ஐந்து நட்சத்திரம் போட்டவர்களை விட்டுவிடலாம். ஒன்று, இரண்டு நட்சத்திரம் போட்டவர்கள்தான் உள்ளதைச் சொல்வார்கள். "முதல் துவையலிலேயே சுருங்கிவிட்டது" என்று நான்கு பேர் எழுதியிருந்தால், அது நமக்கும் சுருங்கும்.

திருப்பிக் கொடுப்பது

எத்தனை நாளுக்குள் திருப்பலாம் என்பது துணிக்குத் துணி மாறும். உள்ளாடையைப் பெரும்பாலும் திருப்ப முடியாது. சில இடங்களில் ஒரே துணிக்கு இரண்டு விலை இருக்கும். குறைந்த விலையில் வாங்கினால், துணி பழுதாக இருந்தால் மட்டுமே திருப்பலாம். பிடிக்கவில்லை என்று திருப்ப முடியாது. 20 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் 400 ரூபாய் மாட்டிக்கொள்ளும்.

துணி வந்து சேர்ந்ததும் பையைப் பிரிப்பதைப் போனில் வீடியோ எடுங்கள். போட்டுப் பாருங்கள். சீட்டைக் கிழிக்காதீர்கள். துவைக்காதீர்கள். ரவிக்கைத் துணியை வெட்டிவிட்டால் சேலையைத் திருப்ப முடியாது.

இணையக் கடைகளுக்கு 2020-இல் மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது. விற்பவர் யார் என்று காட்ட வேண்டும். பழுதான துணியையோ, விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான துணியையோ திரும்ப வாங்க மறுக்கக் கூடாது. புகார் கொடுத்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகப் பதில் சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

பணம் பறிப்பவர்கள்

பெரிய கடையின் பெயரில் ஒரு எழுத்தை மட்டும் மாற்றிப் போலிக் கடை திறக்கிறார்கள். "கடையை மூடுகிறோம், 3,000 ரூபாய் சேலை 299 ரூபாய்" என்று விளம்பரம் வரும். பணத்தை முன்னாலேயே கேட்பார்கள். துணி வராது. புதுக் கடை என்றால், துணி கைக்கு வந்தபின் பணம் தரும் முறையே நல்லது. அந்த வசதி இல்லாத புதுக் கடையில் வாங்காமல் இருப்பதே மேல்.

இன்னொரு வகை இன்னும் மோசம். "உங்கள் பணத்தைத் திருப்பித் தருகிறோம். இந்தக் கட்டத்தை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடுங்கள்" என்று போனில் பேசுவார்கள். போட்டால் நம் கணக்கில் இருந்து பணம் போகும். பணம் வாங்க ரகசிய எண் தேவையே இல்லை. கொடுக்க மட்டும்தான் தேவை. ஓடிபி எண்ணையும் யாரிடமும் சொல்லக் கூடாது.

பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும். எவ்வளவு சீக்கிரம் பேசுகிறோமோ, பணத்தை வழியிலேயே நிறுத்த அவ்வளவு வாய்ப்பு உண்டு. கடை துணியைத் திரும்ப வாங்க மறுத்தால் 1915. இது தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடை எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. பில், பணம் கட்டிய விவரம், பையைப் பிரித்த வீடியோ மூன்றையும் அதுவரை போனில் இருந்து அழிக்காமல் வைத்திருங்கள்.