ஆகோமாவின் கதையை யார் சொல்வது?

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், ஆல்புகர்க்கி நகரின் தெற்கே, ரியோ கிராந்தே ஆற்றங்கரையில் பரேலாஸ் என்றொரு பழைய குடியிருப்பு இருக்கிறது. மெக்சிகோ நகரத்திலிருந்து வடக்கே ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர் நீண்ட பழைய அரச பாட்டை இந்த வழியாகத்தான் சென்றது. 2000ஆம் ஆண்டில் இங்கே தேசிய ஹிஸ்பானியப் பண்பாட்டு மையம் திறக்கப்பட்டது. இது மாநில அரசின் நிறுவனம். நிலம் எடுக்கும்போது ஒரு மூதாட்டி தன் வீட்டை விட்டுத்தர மறுத்துவிட்டார். கடைசியில் வரைபடத்தை மாற்றி, அவர் வீட்டை விட்டுவிட்டு மற்ற இடத்தில் கட்டினார்கள்.

ஓவியக்கூடம், நாடக அரங்கம், வம்சாவளி ஆய்வுக்கான நூலகம் எல்லாம் அங்கே உண்டு. இவற்றோடு வரலாற்றையும் இலக்கியத்தையும் ஒன்றாகவே வைத்து நிகழ்ச்சிகள் நடத்துகிறார்கள். சொற்பொழிவு, நூல் வெளியீடு, கவிதை வாசிப்பு, பழைய ஆவணங்களைப் படிக்கும் பயிற்சி என எல்லாம் ஒரே குடையின் கீழ். பல்கலைக்கழகங்கள் தனித்தனிக் கட்டடங்களில் வைக்கும் இரண்டையும் இவர்கள் ஏன் சேர்த்தார்கள்? அந்த மண்ணின் கதை தெரிந்தால் வேறு எப்படியும் வைத்திருக்க முடியாது என்றே தோன்றும்.

நியூ மெக்சிகோவின் முதல் வரலாற்று நூல் ஒரு காவியம். கஸ்பார் பெரெஸ் தே வில்லக்ரா என்ற படைத்தலைவர் எழுதி, 1610இல் ஸ்பெயினின் அல்கலா நகரில் அச்சானது. மொத்தம் 34 காண்டங்கள். 1598இல் ஹுவான் தே ஒன்யாத்தே குடியேற்றக் கூட்டத்தோடு வடக்கே வந்ததையும், மறு ஆண்டு ஆகோமா ஊரின் மீது நடந்த போரையும் அது பாடுகிறது. ஆகோமா, செங்குத்தான பாறைமேட்டின் உச்சியில் இருக்கும் ஊர். தானியம் கேட்டு வந்த ஸ்பானிய வீரர்களோடு மோதல் ஏற்பட்டு, ஒன்யாத்தேயின் உறவினன் உட்பட பலர் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பழிவாங்க வந்த படையில் வில்லக்ராவும் ஒருவர். தன் வீரத்தைத் தானே பாடிக்கொண்ட கவிஞர் அவர்.

ஊர் எரிந்து அடங்குவதோடு காவியம் முடிகிறது. அதன் பிறகு நடந்தது அதில் இல்லை. நூற்றுக்கணக்கானோர் மாண்டிருந்தார்கள். 25 வயதைத் தாண்டிய ஆண்கள் 24 பேருக்கு ஒரு பாதத்தை வெட்டவும், அவர்கள் 20 ஆண்டு அடிமை வேலை செய்யவும் 1599 பிப்ரவரியில் தீர்ப்பானது. சிறுமிகள் சுமார் 60 பேர் மெக்சிகோ நகரத்துக்கு அனுப்பப்பட்டார்கள். பின்னாளில், 1614இல், ஆகோமாவில் காட்டிய கொடுமை உள்ளிட்ட குற்றங்களுக்காக ஒன்யாத்தேக்கு மெக்சிகோவில் தண்டனை கிடைத்தது. இவையெல்லாம் வழக்கு ஆவணங்களில் இருக்கின்றன. காவியத்தை மட்டும் படிப்பவருக்கு வீரம்தான் தெரியும். ஆவணத்தை மட்டும் படிப்பவருக்கோ, அந்தப் படைவீரன் தன்னை யாராக நினைத்துக்கொண்டு பாறையேறினான் என்பது தெரியாது. அதனால்தான் இரண்டையும் ஒரே மேசையில் விரிக்க வேண்டியிருக்கிறது.

ஆனால், விரித்த அந்த இரண்டு காகிதமும் ஸ்பானியர் எழுதியவை. பாறைமேட்டில் இருந்தவர்கள் எதுவும் எழுதி வைக்கவில்லை. அவர்கள் புவெப்லோ மக்கள். சுடாத மண்கல்லிலும் பாறையிலும் அடுக்கு வீடுகள் கட்டி, மக்காச்சோளம் விளைவித்து, ஸ்பானியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே அங்கே வாழ்பவர்கள். நியூ மெக்சிகோவில் இன்று 19 புவெப்லோ ஊர்கள் இருக்கின்றன. கெரெஸ், தேவா, தீவா, தோவா, சூனி என ஐந்து மொழிகள். 1680இல் இவர்கள் ஒன்றுசேர்ந்து ஸ்பானியரை 12 ஆண்டு நாட்டை விட்டே துரத்தினார்கள். தலைமை ஏற்றவர் ஓகே ஒவிங்கே ஊரின் போபே. கிளர்ச்சிக்கு எத்தனை நாள் இருக்கிறது என்பதைக் கயிற்றில் முடிச்சுகளாகப் போட்டு, ஓட்டக்காரர்கள் கையில் ஊர் ஊராக அனுப்பினார். அந்தக் கயிற்றைப் பிடித்த போபேயின் சிலை 2005 முதல் வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தில் நிற்கிறது. செதுக்கியவர் ஹேமெஸ் புவெப்லோவின் கிளிஃப் ஃப்ரகுவா.

எழுத்தில் அவர்கள் குரல் உரக்கக் கேட்கத் தொடங்கியது 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான். அதுவும் பெரும்பாலும் கதையாகவும் கவிதையாகவும். ஆகோமாவில் வளர்ந்த சைமன் ஓர்டிஸ், 1680 கிளர்ச்சியின் 300ஆவது ஆண்டை ஒட்டி 1980இல் ஒரு நூல் கொண்டுவந்தார். பழைய போரையும், தான் வேலை பார்த்த யுரேனிய ஆலையையும் அவர் ஒரே மூச்சில் பேசுகிறார். நிலத்தைப் பறித்தவன் மாறியிருக்கிறான், பறிப்பு மாறவில்லை என்பது அவர் பார்வை. பக்கத்து லகுனா புவெப்லோவின் லெஸ்லி மார்மன் சில்கோ 1977இல் ‘செரிமனி’ நாவலை எழுதினார். இரண்டாம் உலகப் போரிலிருந்து மனம் சிதைந்து திரும்பும் ஒரு கலப்பின இளைஞனின் கதை அது. லகுனா மண்ணில் 1953 முதல் 1982 வரை இயங்கிய ஜாக்பைல் சுரங்கம், உலகின் மிகப் பெரிய திறந்தவெளி யுரேனியச் சுரங்கங்களில் ஒன்று. அது எத்தனை டன் தோண்டியது என்று நிறுவனக் கணக்கு சொல்லிவிடும். அந்த மண்ணைத் தாயாக நினைத்தவனுக்கு என்ன ஆனது என்று கேட்டால் நாவலைத்தான் திறக்க வேண்டும்.

ஸ்பானியர் வழிவந்த ஹிஸ்பானியர் பக்கமும் ஒற்றைக் கதை இல்லை. 1848இல் அமெரிக்காவுடனான போரில் மெக்சிகோ தோற்று, இந்த நிலம் அமெரிக்காவின் கைக்கு வந்தது. மாநிலம் ஆவதற்கு 1912 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஸ்பானிய மொழி பேசும் கத்தோலிக்கர்களும் பூர்வகுடிகளும் நிறைந்த இடம் என்ற தயக்கம் அதற்கு ஒரு காரணம். அந்த நெருக்கடியில் ‘எங்கள் ரத்தம் ஐரோப்பிய ஸ்பானிய ரத்தம்’ என்று சொல்லிக்கொள்வது ஒரு கவசமாக இருந்தது. அதை நான் பழிக்கமாட்டேன். ஆனால் அந்தக் கவசத்துக்கு அடியில் பலருடைய பாட்டிகள் மறைந்துபோனார்கள்.

ஹெனிசாரோக்கள் அப்படி மறைந்தவர்களே. பழங்குடிச் சண்டைகளில் பிடிபட்டு, விலைக்கு வாங்கப்பட்டு, ஞானஸ்நானமும் ஸ்பானியப் பெயரும் கொடுக்கப்பட்டு, ஸ்பானியர் வீடுகளில் வேலைக்காரர்களாக வளர்ந்த பூர்வகுடிகள். பிறகு, எல்லைக் காவலாக ஊர் ஓரங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். 1754இல் நிலக்கொடை பெற்ற அபிக்கியு அத்தகைய ஊர். அவர்கள் பூர்வகுடிகளே என்று நியூ மெக்சிகோ சட்டமன்றம் 2007இல்தான் ஏற்றது. ஸ்பெயினில் வேர் தேடிப் பழைய தேவாலயப் பதிவேடுகளைப் புரட்டும் ஒருவர், ஹெனிசாரோ என்ற சொல்லுக்கு நேரே தன் மூதாதையின் பெயரைக் காணக்கூடும். வம்சாவளி நூலகமும் நாவல் வாசிப்பும் ஒரே வளாகத்தில் இருப்பதன் அருமை அப்போது தெரியும். பதிவேடு ஒரு பெயரையும் தேதியையும் தந்துவிட்டு நின்றுவிடும். அதைப் படித்தவருக்கு அதற்கு மேலும் வேண்டியிருக்கும்.

ருடால்ஃபோ அனாயாவின் எழுத்து இந்தக் கலப்பைக் கூச்சமில்லாமல் பேசியது. 1972இல் வந்த ‘பிளெஸ் மீ, உல்திமா’வில் மூலிகை வைத்தியம் செய்யும் ஒரு கிழவி, கத்தோலிக்கச் சிறுவனுக்கு நிலத்தின் பழைய அறிவைக் கற்றுத் தருகிறாள். அந்த நாவல் இசைநாடகமாகி, 2018இல் இதே மையத்தின் மேடையில் அரங்கேறியது. அவருடைய 1976ஆம் ஆண்டு நாவலின் களமே பரேலாஸ்தான்.

பழைய காயம் ஆறிவிட்டதென்று யாரும் நினைக்க வேண்டாம். ஒன்யாத்தே வந்த 400ஆம் ஆண்டை ஒட்டி, அல்கால்டே ஊரிலிருந்த அவரது சிலையின் ஒரு பாதம் அறுக்கப்பட்டது. 2020இல் அந்தச் சிலையே அகற்றப்பட்டது. சிலை எடுக்கப்பட்டதற்கு வருந்துபவர்களும் அதைக் கொண்டாடுபவர்களும் ஒரே ஊரில் அண்டை வீட்டார்.

ஹிஸ்பானிய மையம் பூர்வகுடிகளைப் பற்றிப் பேசலாம். பூர்வகுடிகளுக்காகப் பேச அதற்கு உரிமை இல்லை. ஆல்புகர்க்கியிலேயே 1976 முதல் இந்தியன் புவெப்லோ பண்பாட்டு மையம் இருக்கிறது. 19 புவெப்லோக்களும் சேர்ந்து நடத்துகின்றன. பூர்வகுடிப் பிள்ளைகளைத் தாய்மொழியிலிருந்து பிரித்து வளர்த்த பழைய அரசு உறைவிடப் பள்ளியின் நிலத்தில் அது நிற்கிறது. இரண்டு மையங்களும் தேவை என்றே நினைக்கிறேன்.

எந்த மையத்தின் அலமாரிக்கும் வராதவையும் உண்டு. ஹேமெஸ் மக்கள் தங்கள் தோவா மொழியை எழுத்தில் கொண்டுவர அனுமதிப்பதில்லை. எழுத்து வந்தால் சடங்கும் கதையும் வெளியார் கைக்குப் போய்விடும் என்ற அச்சத்துக்கு அவர்களிடம் 400 ஆண்டுக் காரணங்கள் இருக்கின்றன. எனவே அங்கே மழலையர் வகுப்பில் பிள்ளைகள் தோவாவைக் காதால் கேட்டே கற்கிறார்கள், புத்தகம் கிடையாது. இலக்கிய நிகழ்ச்சி நடத்துபவர்கள் அந்த மொழியில் ஒரு தொகுப்பு கேட்டு ஹேமெஸுக்குக் கடிதம் எழுதினால், மறுப்புதான் வரும். அதை அவர்கள் அப்படியே ஏற்கத்தான் வேண்டும்.